காணாமற்போன ஆடு, ஒன்று

படிவத்தில் 'கோடை ஊழியம்' என்று அச்சடித்திருந்தது.
மட்டக்குளியில் நாங்கள் இறங்கிய அன்று பிடித்த மழை
மூன்று வாரமாக அதை அழித்துக்கொண்டிருந்தது.

சாயர்புரத்தில் கிணறு வற்றிய வைகாசியில்
எங்கள் ஆறு பேரையும் சபைமுன் நிறுத்தி
தலையில் கைவைத்து ஜெபித்தார்கள்.
அப்பா அழுதார். மகள் கடல் தாண்டுகிறாள்.
காப்பிக் கோப்பையை நான் திருப்பிக் கொடுக்குமுன்
கொழும்பு வந்துவிட்டது.

என் பங்கு பொம்மை.
நீல வெல்வெட் திரைக்குப் பின்னால் முழந்தாளிட்டு
காணாமற்போன ஆட்டுக்குள் கைவிட்டுக் கத்த வேண்டும்.
முதல் நாள், நான் வாய் திறக்குமுன்
முன்வரிசையில் நிலுக்‌ஷி சொன்னாள்:
"இப்ப மேய்ப்பர் முள்ளுக்குள்ள இருந்து தூக்குவார்."
தூக்கினார்.

அப்புறம் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள்.
"கொரியாக்காரங்க வந்த நேரம் ஒருக்கா இயேசுவை ஏத்துக்கிட்டன்.
பென்சில் பெட்டி தந்தாங்க.
நோர்வேக்காரங்க வந்து ஒருக்கா. தொப்பி.
கனடா அங்கிள்மார் வந்த நேரம் ரெண்டு தரம்,
தம்பிக்குக் காய்ச்சல்,
அவனுக்கும் சேர்த்து நான்தான் கை தூக்கினன்."
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"நீங்க என்ன கொண்டு வந்தீங்க?"

உடன்குடிக் கருப்பட்டி மிட்டாய் கொண்டுபோயிருந்தோம்.
ஈரக்காற்றில் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது.
காகிதத்தோடே தின்றாள்.

மூன்றாம் நாள் எல்லோரும் கண்மூடியிருக்க
டேவிட்சன் அண்ணன் குரலைத் தாழ்த்தி
இதயக் கதவைத் திறக்கச் சொன்னபோது
தெருமுனையில் பாண் ஆட்டோவின் மணிப்பாட்டு.
ஒரு கண். பத்துக் கண்.
பிறகு வெறும் பாய்கள்.
"மாலுபாண் முடிஞ்சிரும், அதுதான்,"
என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்ன புளோரிடா அக்காவும்
ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடினார்.

பிறகு களனி ஆறு தோட்டத்துக்குள் வந்தது.
தோட்டம் என்றால் இங்கே மரமில்லை,
ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம்.
முப்பது குடும்பங்கள் எங்கள் மண்டபத்தில் படுத்தன.
சிங்களத்தில் அழுத குழந்தையைத்
தமிழில் அதட்டினார்கள்; அடங்கியது.
நான் முழந்தாளிட்ட இடத்தில்
பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளான ஒருத்தி
வெல்வெட் திரைக்குப் பின்னால் பால் கொடுத்தாள்.
பள்ளிவாசல் பையன்கள் இடுப்பளவு நீரில்
சோற்றுப் பொதிகளைத் தலையில் சுமந்து வந்தார்கள்.
ஊழியம் செய்ய வந்த நாங்கள்
வரிசையின் கடைசியில் நின்று வாங்கித் தின்றோம்.
ஒரே கழிப்பறையை முறைவைத்துக் கழுவினோம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டாம் ராத்திரி, மெழுகுதிரியும் அணைந்தபின்,
ஆட்டின் குரல் கேட்டது.
என்னுடையதைவிட நல்ல குரல்.
நிலுக்‌ஷி தம்பிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.
"ஆடு முள்ளுக்குள்ள மாட்டிக்கிச்சு."
"மேய்ப்பர் வருவார்தானே?"
"வந்தார். ஆனா அவருக்கு விசா முடிஞ்சு போச்சு."
தம்பி யோசித்தான்.
"அப்ப ஆடு?"
"ஆடு என்ன, அதுக்கு வழி தெரியும்.
மெதுவா முள்ளைக் கழட்டிட்டு
வீட்டுக்குப் போய் தேத்தண்ணி குடிச்சிச்சு."

இருட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது.
அது சிரிப்பாகவே நீடிக்கவில்லை.

திரும்பும் நாளில், விமான நிலையத் தரையில் உட்கார்ந்து
அண்ணன் அறிக்கை எழுதினார்.
மனந்திரும்பியோர்: நாற்பத்தொன்று.
நிலுக்‌ஷிக்கு இது ஐந்தாவது என்று நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
பொருட்பட்டியலை என்னிடம் நீட்டினார்.
திரை, கறையோடு: ஒன்று.
மேய்ப்பர்: ஒன்று.
முட்செடி, தெர்மோகோல்: ஒன்று.
ஆடு?

பையை ஒருமுறை திறந்து மூடினேன்.
காணவில்லை என்று எழுதினேன்.
"நல்லாத் தேடினியா?" என்றார்.

வெளியே மழை வெறித்திருந்தது.
"தேடினேன்" என்றேன்,
மூன்று வார ஊழியத்தில்
நான் சொன்ன ஒரே பொய்யா என்று
உறுதியாகத் தெரியாமல்.